சரோஜா அக்காவின் நாற்காலி

பாப்பா,

நேற்று சாயங்காலம் போனில் பேசும்போது, இன்னும் ஒரு மாதம் லீவை நீட்டிக்கப் போவதாகச் சொன்னாய். "ஆபீஸ்லதான் அந்தப் பொண்ணு இருக்காளேம்மா, என் வேலைய அவ பாத்துக்குவா" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சரி என்று விட்டிருப்பேன். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்ப எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்? ஆனால் நீ நிறுத்தவில்லை. "அவ வேற, அக்கா எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு மெசேஜ் மேல மெசேஜ் போடுறா. என்னமோ என்னைய விரட்டுற மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொண்டாய். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. "பிள்ளைக்கு எண்ணெய் தேச்சியா?" என்று பேச்சை மாற்றிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்ததைக்கூட உன் அப்பா வந்து சொல்லித்தான் பார்த்தேன். இதைப் போனில் சொல்ல முடியாது. இரண்டாவது வாக்கியத்திலேயே "அம்மா, சுருக்கமா சொல்லு" என்பாய். சுருக்கமாகச் சொல்கிற விஷயமில்லை இது, அதனால்தான் எழுதுகிறேன்.

உண்மையில் இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, உன் இடத்துக்கு வந்திருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பொருமினாய். என் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் லாகினில் நுழைந்து, என் பேரிலேயே மெயில் அனுப்புகிறாள், அது என் சீட்டு அம்மா என்று கண்ணெல்லாம் கலங்கிச் சொன்னாய். அப்போதே நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்லக்கூடிய கதையில்லை என்று விழுங்கிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். இப்போது உன் மகன் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறான். இனி சொல்லலாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள்தான் நான். இருந்தாலும் படித்து முடித்ததும் பிள்ளைக்கு ஒரு தடவை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுவிடு.

நானும் ஒரு காலத்தில் இன்னொருத்தி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் பின்பாதி. பி.யு.சி. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை. வாடிப்பட்டியில் டைப்ரைட்டிங் லோயர் முடித்திருந்தேன். அந்த வருஷம் நம் கிணற்று மோட்டார் காயில் புகைந்துபோய், வாங்கிய கம்பெனியில் சண்டை போட உன் தாத்தா மதுரைக்குப் போனார். வடக்கு வெளி வீதியில், பம்ப்செட் விற்கிற கம்பெனி அது. சண்டை போடப் போன மனிதர் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "அவுக டைப் அடிக்கிற பிள்ளைக்குப் பேறுகாலமாம். மூணு மாசத்துக்கு ஆள் வேணும்னு மேனேஜர் சொன்னாரு. எம் மகளே டைப் படிச்சிருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். மோட்டாருக்கு என்ன சொன்னார்கள் என்று என் அம்மா கேட்டதற்குத்தான் அவருக்கு ஞாபகமே வந்தது. அதைக் கேட்கவில்லையாம்.

அந்தப் பேறுகாலக்காரிதான் சரோஜா அக்கா. வயிறு மேஜையில் இடிக்க, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கையை எட்ட நீட்டி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஆனையூர்க்காரி. அப்போது ஆனையூர் வயலும் கண்மாயுமாக இருந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து அவளை எஸ்.எஸ்.எல்.சி. வரை கொண்டுவந்தவர்கள். அந்தத் தெருவிலேயே ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். ஆளும் உயரம், குரலும் உயரம். மேலூரிலிருந்தும் அலங்காநல்லூரிலிருந்தும் வருகிற சம்சாரிகள் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று கத்திக்கொண்டே படியேறுவார்கள். "அண்ணே, மொதல்ல கெணத்துல தண்ணி கெடக்கா, அதச் சொல்லுங்க" என்பாள். கத்தினவன் சிரித்துவிடுவான். எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட உன் தாத்தா, "கொண்டுபோற சோத்தத் தனியா உக்காந்து தின்னு" என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாள் அப்படியே செய்தேன். அக்கா பார்த்துக்கொண்டாள். மறுநாள் டப்பாவைத் திறந்தபடி, "கருவாட்டுக் கொழம்பு. வாசத்துக்கே ஓடிப்போயிராத புள்ள" என்றாள். என் டப்பாவில் வெறும் தயிர்ச்சோறு. ஒரு துண்டு கருவாடு என் பக்கம் வந்தது, அப்புறம் இன்னொரு துண்டும் வந்தது. தனியாக உட்காரும் யோசனை அதோடு முடிந்தது.

லீவுக்குப் போவதற்கு முந்தைய நாட்களில் அவள்தான் எனக்கு வேலை பழக்கினாள். ரிப்பன் மாட்டுவது, கார்பன் மசி விரலில் ஒட்டாமல் மூன்று காப்பி எடுப்பது, மேனேஜர் தப்பான இங்கிலீஷ் சொன்னால் அவருக்கே தெரியாமல் திருத்தி அடிப்பது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இடது ஓரத்தில், சொன்னவர் பேரின் முதல் எழுத்தையும் அடித்தவர் பேரின் முதல் எழுத்தையும் சின்னதாகப் போட வேண்டும். என் எழுத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். "நீ மூணு மாசத்துல போயிருவம்மா. பின்னால ஏதாச்சும் கேள்வி வந்தா உன்னைய எங்க போய்த் தேடுறது? சரோஜா எழுத்தையே போடு" என்றார் மேனேஜர். ஆக, அந்தக் கோடை முழுக்க நான் அடித்த கடிதங்களெல்லாம் அவள் அடித்ததாகவே வெளியே போயின. உன் லாகினில் அந்தப் பெண் நுழைகிற மாதிரிதான். எனக்கு அது அப்போது உறுத்தியது. கைதான் என்னுடையது, பேர் இன்னொருத்தியுடையது என்று தோன்றும். முதல் வேலையில், அதுவும் தற்காலிக வேலையில், மனுஷிக்கு ஒரு ரோஷம் இருக்கும் பாப்பா. ஃபைல் எடுத்து வந்து வைக்கிற ஆள்கூட நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், "சரோஜாம்மாவுக்குப் பதிலா வந்த பிள்ளை" என்பான். அந்தப் பெண்ணை அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பார்.

வீட்டில் வேறு கணக்கு ஓடியது. சேர்ந்த இரண்டு வாரத்தில் மேனேஜர் உன் தாத்தாவிடம், "கெட்டிக்காரப் பிள்ளை. சரோஜா திரும்ப வரலேன்னா இதையே நிரந்தரமா வச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ கல்லூரி என்பதுதான் கனவு. தல்லாகுளம் பக்கம் பஸ்ஸில் போகும்போது புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கும் பெண்களைக் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்ப்பேன். பி.எஸ்சி. படிக்க வேண்டும் என்று அழுதேன். உன் தாத்தா கெட்டவர் இல்லை, பயந்தவர். மழையை நம்பிப் பிழைத்தவர். "இந்தா பாரு. அந்தப் பிள்ள திரும்பி வந்துட்டா நீ காலேஜுக்குப் போ, நான் குறுக்க நிக்கல. வரலேன்னா, இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசப்படக் கூடாது. புள்ள பெத்தவ எங்கத்தா வேலைக்கு வரப்போறா?" என்றார். அதுதான் ஒப்பந்தம். கல்லூரி சேர்க்கை நாளுக்கு முன்னால் சரோஜா அக்கா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குப் படிப்பு. இல்லையென்றால் ஆயுசுக்கும் அதே நாற்காலி.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒங்கப்பாரு என்ன சோசியரா? நான் வேலய விடவா? நாத்து நடுற கையி டைப் அடிக்க வந்திருக்கு, அம்புட்டு லேசுல விட்டுருவனா? நீ மனசக் கொழப்பிக்காத. புள்ளய எங்க அம்மாகிட்டப் போட்டுட்டு, லீவு முடியிற முன்னாடியே ஓடியாந்துருவேன். வந்து நின்னு, எந்திரிடி இது என் சீட்டும்பேன். நீ ஒம் பையத் தூக்கிக்கிட்டு ஓடிப்போயிரணும்" என்றாள். அப்புறம் குரல் இறங்கி, "எனக்கும் காலேஜுக்குப் போகணும்னு இருந்துச்சு. யாருகிட்டக் கேக்குறது?" என்றாள். சொன்ன வேகத்தில் டைப் அடிக்கத் திரும்பிவிட்டாள்.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஊருக்குள் வரும்போது சொம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை வைத்து, வாழையிலையால் வாய் கட்டி, அதன்மேல் சூடம் கொளுத்திக் காட்டுவார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அக்கா வருஷம் தவறாமல் எடுப்பவள். நிறைமாதத்தோடு அந்தக் கூட்டத்துக்குள் போக முடியுமா? பித்தளைச் சொம்பை ஆபீசுக்கே கொண்டுவந்துவிட்டாள். "என் சீட்டுல எனக்குப் பதிலா உக்காரப் போறேல்ல, இதையும் எனக்குப் பதிலாச் செஞ்சிரு புள்ள. நல்லபடியாப் பொறக்கணும்னு கேளு" என்றாள். என் அம்மாவோடு, அழகரை எதிர்கொண்டு அழைக்கிற மூன்றுமாவடியில் போய் நின்றேன். கால் நசுங்குகிற கூட்டம். பல்லக்கு நெருங்கியதும் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கினேன். சூடத்தின் சூடு விரலில் இறங்கியது. அக்காவுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அவள் சொன்னபடியே கேட்டேன். பல்லக்கு நகர்வதற்குள் என்னுடையதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா சீக்கிரம் திரும்பி வரணும் சாமி. சீக்கிரம் வரணும். அவ்வளவுதான் சொன்னேன். அதில் என்ன தப்பு இருக்கிறது? நீயாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாய்.

வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது. அவள் வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொன்னார். மேனேஜர் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். பிறகு கொஞ்ச நாள் தகவல் இல்லை, பச்சை உடம்புக்காரிக்கு ஆயிரம் பாடு இருக்கும் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில்தான் கல்லூரியிலிருந்து எனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. முதல் சம்பளத்தில் விளக்குத்தூண் பக்கம் போய், பிள்ளைக்கு ஒரு சின்னச் சட்டையும் பவுடர் டப்பாவும் வாங்கினேன். கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனையூருக்கு பஸ் ஏறினேன். குழந்தையைப் பார்க்க வேண்டும், அப்படியே "அக்கா, எப்ப வருவீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போதே அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் விரட்டுகிற மாதிரிதான் ஒலித்தது. அதனால்தான் சொல்கிறேன் பாப்பா, அந்தக் கேள்வியை யாரும் திமிரில் கேட்பதில்லை.

ஓட்டு வீடு. வாசலுக்குப் போகும்போதே மல்லிகை மணம். ஒரு முழம் இரு முழம் பூவின் மணமில்லை, கூடை கூடையாகக் கொட்டிவைத்த மாதிரி. பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள் போல, நல்ல நாளில் வந்திருக்கிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவின் அம்மாவிடம், "என்னம்மா, வீடே மணக்குது, விசேஷமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். கேட்டே விட்டேன் பாப்பா, இந்த வாயால். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. "வாத்தா, உக்காரு" என்றார். "புள்ள இல்லத்தா. புதன்கெழம போயிருச்சு. காச்சல்னு தூக்கிக்கிட்டு ஓடுனோம், நிக்கல. பாலு கட்டிக்கிட்டு அவ துடிக்கிறா. அது வத்தட்டும்னு மாருல பூ வச்சுக் கட்டிருக்கு."

பால் கொடுக்கிறவள் நீ. பிள்ளை ஒரு வேளை குடிக்காமல் தூங்கிப்போனால் என்ன வலி வலிக்கும் என்று உனக்குத் தெரியும். மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு மல்லிகை என்றால் கல்யாணம், கோயில், வெள்ளிக்கிழமை. அது இதற்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சட்டைப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அவள்தான் என் பக்கம் திரும்பி முதலில் பேசினாள்.

"காலேஜு கார்டு வந்துருச்சா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத புள்ள. மூஞ்சில எழுதி ஒட்டிருக்கு. என்னைக்கு வரச் சொல்லிருக்கான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"என்னைக்குன்னு கேட்டேன்."

சொன்னேன். அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளம்பும்போது அந்த அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பஸ்ஸில் வரும்போது மூன்றுமாவடியில் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சீக்கிரம் வரணும் என்றுதானே கேட்டேன்? எப்படி வரணும் என்று சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்து கார்டை என் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். கல்லூரி வேண்டாம், ஆபீசே போதும் என்று உன் தாத்தாவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள். காலையில் மெஷினில் தாளைச் செருகிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மல்லிகை மணம் வந்தது. திரும்பினால் சரோஜா அக்கா நிற்கிறாள். தலையில் பூ இல்லை. முகம் சுண்டிப்போய், கண்ணைச் சுற்றிக் கருவளையம், ரவிக்கை தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பிள்ளை பெற்று முப்பது நாள்கூடக் கழியவில்லை. வாயைத் திறந்து, "எந்திரிடி, இது என் சீட்டு" என்றாள். சொன்ன மாதிரியே சொன்னாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள். மேனேஜர் ஓடிவந்து, "என்னம்மா இது, லீவு கெடக்குதே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று பதறினார். "வீட்டுல கெடக்க முடியல சார்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு சம்சாரி படியேறி வந்தார். விவரம் தெரியாத மனிதர். "என்னத்தா, பூக்கடைய இங்கிட்டு மாத்திட்டீகளா? ஆபீசே மணக்குது!" என்றார்.  அக்கா அவரைப் பார்த்து, "மதுரைல பூவுக்கா பஞ்சம்ணே? ஒங்க மோட்டாருக்கு என்ன, அதச் சொல்லுங்க" என்றாள்.

அவள் உட்கார்ந்தாள். இப்போது வயிறு இடிக்கவில்லை. அவளே நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அடித்த கடிதங்களின் ஃபைலை வாங்கிப் புரட்டினாள். தாளைத் திருப்பிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள். இடது ஓரத்தில் அவள் எழுத்து. மேலே தேதியைப் பார்த்தாள். "புதன்கெழம" என்றாள். "அன்னைக்கும் நான் வேலைக்கு வந்திருக்கேன் பாரு." நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. ஃபைலை மூடி வைத்துவிட்டு, நான் பாதி செருகிய தாளைச் சரிசெய்து டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் சிம்மக்கல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். என்னால் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. சொம்பைத் தூக்கிக்கொண்டு நான் என்ன கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் நடுத்தெருவில் நின்றாள்.

"அடி கிறுக்கி! நீ சொல்லி அழகரு கேட்டாரா? அம்புட்டுச் செல்வாக்கா ஒனக்கு? அப்பிடின்னா எம் புள்ளய நல்லா வையின்னு நான் சொல்லிவிட்டத ஏன் கேக்கல? அவரு யாரு சொன்னதையும் கேக்கல. அந்தக் கூட்டத்துல அவருக்குக் காது கேட்டிருக்காது."

சொல்லும்போதுதான் முதல் தடவையாக உடைந்து அழுதாள். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நேரத்தோட போ. ஒனக்காக வந்தேன்னு நெனச்சு மனசுல சொமந்துக்கிட்டுத் திரியாத. வீட்டுல கெடக்க முடியல, அதான் வந்தேன்" என்றாள். அன்றைக்கு அதை அப்படியே நம்பினேன். பதினேழு வயசு, நம்பினால்தானே மறுநாள் கல்லூரிக்குப் போக முடியும்?

உன் தாத்தா வாக்குத் தவறவில்லை, கூடவே வந்தார். வழியில்தான் எல்லாம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், "பச்ச ஒடம்போட யாரு அந்தப் பிள்ளைய வரச் சொன்னது?" என்றார். அப்புறம் அதையே மறுபடியும் கேட்டார், என்னைக் கேட்ட மாதிரி இல்லை. தையில் அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியை ஆனையூரில் கொண்டுபோய் இறக்கினார். அக்காவின் அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் வந்து சொன்னார். அந்தத் தெருவில் அவர் அதுவரை தண்ணீர் வாங்கிக் குடித்தவரில்லை.

நான் பி.எஸ்சி. முடித்தேன், பி.எட். முடித்தேன், வாத்தியாரம்மா ஆனேன். அக்காவுக்கு அப்புறம் பிள்ளை இல்லை. முதலில் அடிக்கடி போய்ப் பார்த்தேன். பிறகு குறைந்தது. உன்னை வயிற்றில் சுமந்த மாதங்களில் போகவே இல்லை. என் வயிற்றை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நீ பிறந்ததைக் கேள்விப்பட்டு அவளே வந்தாள். உன்னைத் தூக்கச் சொன்னேன். "வேணாம் புள்ள, கையி ஈரமா இருக்கு" என்றாள். கை ஈரமாக இல்லை. போன வருஷத்துக்கு முந்திய வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரிட்டயர் ஆகும்வரை அதே கம்பெனி, அதே நாற்காலி.

நீ பிறந்து, உன்னை வீட்டில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போன முதல் நாளில்தான் எனக்கு விளங்கியது. துக்கம் தாங்காமல் வீட்டில் இருக்க முடியாதவள் எந்த நாளில் வேண்டுமானாலும் கிளம்பி வரலாம். இவள் சரியாக இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் வந்தாள். என்னைக்கு, என்னைக்கு என்று அன்றைக்குப் படுத்தபடி கேட்டது அதற்குத்தான். எனக்காகத்தான் வந்தாள் பாப்பா. நான் சுமக்கக் கூடாது என்று அந்தப் பொய்யையும் சேர்த்துச் சொன்னாள். இதை அவளிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது?

அந்தப் பெண்ணுக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும், நடுவில் விட்டுப் போனால் ஆபீசில் அனுபவ சர்டிபிகேட் தரமாட்டார்கள் என்றெல்லாம் நீயேதான் ஒரு தடவை என்னிடம் சொன்னாய். அவள் உன்னை விரட்டவில்லை. எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பாள். லீவு உன் உரிமை, நான் மறுக்கவில்லை. உனக்குக் கடவுள் புண்ணியத்தில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளை மடியில் இருக்கிறான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்கே பஸ் ஏறுகிறேன், உன் அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வார், அவரும் பழக வேண்டும். போனதும் முதல் வேலையாக, உன் மகன் பிறந்த அன்று உன் பேரில் போன மெயிலைத் தேடிப் படித்துப் பார். நீ வலியில் கத்திக்கொண்டிருந்தபோது உன் வேலையைச் செய்தது யார் என்று தெரியும்.

திங்கட்கிழமை போ பாப்பா. அவள் எழுந்திருக்கத் தயங்குவாள். பக்கத்தில் போய் நின்று, சிரித்துக்கொண்டே சொல்: "எந்திரிடி, இது என் சீட்டு."

உன் அம்மா